பழைய கெப் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் படுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால், எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு எழுதியது மாதிரி ஒரே விஷயம்: பழைய கெப். காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள், விட்டும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் வந்த வழியே திரும்பி முப்பது வருடப் பழசைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். தேடுவதில் பிழையில்லை. அந்தக் காலத்து யப்பான் கெப்பைச் சரியாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நெடுநாள் உழைக்கும். ஆனால் கண்டியில் வாங்குகிறவர் பார்ப்பது போல திருகோணமலையில் வாங்குகிறவர் பார்க்கமுடியாது. இங்கே கடல் இருக்கிறது.

கேள்வி: ஐயா, தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். நெல் மூட்டை, உரம், சில நாளைக்கு ஆட்களையும் ஏற்றவேண்டும். இறக்கக்கண்டியில் ஒரு 1994 ஹைலக்ஸ் டபுள் கெப் விலைக்கு நிற்கிறது. ஃபோர் வீல், 2.8 டீசல். என்ஜின் செய்து கொஞ்ச நாள்தான் என்கிறார். பெயின்ட் புதுசு, சீட் கவர் புதுசு, திறப்பைத் திருப்பினால் ஒரே அடியில் எடுக்கிறது. நான் எதைப் பார்க்கவேண்டும்?
– இளம் விவசாயி, தம்பலகாமம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் 'புதுசு' இரண்டு தரம் வருகிறது, இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். வண்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதிலிருந்து தொடங்குவோம்.

நீங்கள் சொல்வது எல்.என்.106 ஆகத்தான் இருக்கவேண்டும். 1988இலிருந்து 1997 வரை வந்த ஐந்தாம் தலைமுறை ஹைலக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் பட்டை ஸ்பிரிங், முன்பக்கமும் முழு அக்சில். உழைக்கிற வண்டி, அதில் சந்தேகமில்லை. என்ஜின் போனால் காசு கொடுத்து இன்னொன்று எடுக்கலாம், கியர் பொக்சும் அப்படித்தான், கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கினால் இந்த வண்டிக்குக் கிடைக்காத சாமான் குறைவு. வண்டி முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டமான செசி போனால்தான் கதை முடிந்தது. வேறு செசி போட்டால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற இலக்கம் போய்விடும், இலக்கம் போனால் சட்டத்தின் கண்ணில் அது அந்த வண்டியே இல்லை. ஆகவே பொனட்டைத் திறக்க முதல் ஒரு சாக்கை விரித்து அடியில் படுங்கள்.

இறக்கக்கண்டி என்கிறீர்கள். கடலும் களப்பும் சேர்கிற இடம். அங்கே ஒரு கெப் இத்தனை வருடம் என்ன தொழில் செய்திருக்கும்? மீன் ஏற்றியிருக்கலாம், வலை ஏற்றியிருக்கலாம், படகு இறக்கப் பின்சில்லு நனைய உப்புத்தண்ணீருக்குள் நின்றிருக்கலாம். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் கரைந்து மீன் தண்ணீரோடு கலந்து, பின்பெட்டியின் பொருத்துகளுக்குள்ளால் ஒழுகி, நேரே செசியின் மேல்முகத்தில் விழும். செசிக் கம்பி உள்ளே வெறுமையானது, பக்கத்தில் ஓட்டைகள் இருக்கும், அதற்குள்ளால் சேறும் மணலும் உப்பும் போய்த் தங்கிவிடும். பிறகு எந்த சேர்விஸ் நிலையத்தில் எவ்வளவு அழுத்தத்தில் கழுவினாலும் அது முழுதாக வெளியே வராது. கறள் உள்ளிருந்து வெளியே வருகிறது, வெளியில் தெரிகிற நாளில் உள்ளே பாதி இரும்பு இல்லை. பெயின்ட் புதுசாக இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் கொண்டுபோங்கள். கெபின் முடிந்து பின்பெட்டி தொடங்குகிற இடத்திலிருந்து பின்னோக்கி, சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பில் 'டிங்' என்று சத்தம் வரும், சுத்தியல் கையில் துள்ளும். உக்கின இடத்தில் சத்தம் 'தொப்' என்று செத்துப்போகும், கூடவே உள்ளே பொலபொலவென்று எதுவோ கொட்டுவது கேட்கும். அந்த இடத்தில் ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தால் மணலும், தட்டுத் தட்டாகப் பிரிந்த கறளும் வரும். ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

மிகவும் கவனமாகப் பார்க்கவேண்டியது பின் அக்சிலுக்கு மேலே செசி வளைந்து போகிற இடம். அடுத்தது பின் ஸ்பிரிங்கின் முன் தொங்கலும் பின் தொங்கலும் செசியோடு சேர்கிற இடங்கள், டீசல் தாங்கியைப் பிடித்திருக்கிற குறுக்குக் கம்பி. மேல்முகத்தைக் கண்ணால் பார்க்கமுடியாது, கையை விட்டுத் தடவவேண்டும். அடி முழுக்கப் புதிதாகத் தார் மாதிரிக் கறுப்பு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்க ஒரு கிழமைக்கு முதல் அடித்த கறுப்பு பெரும்பாலும் எதையோ மூடத்தான். அதுக்குக் கீழே வெல்டிங் கோடு ஓடுகிறதா, தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்களா பாருங்கள். செசியில் தகடு ஒட்டிய வண்டியை நான் வாங்கமாட்டேன், ஒட்டினவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். பாரம் ஏற்றுகிற வண்டி, வெல்டிங்குக்குப் பக்கத்தில்தான் அடுத்த வெடிப்பு வரும்.

செசி தப்பினால் மிச்சத்தைப் பார்க்கலாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ்ப்பகுதி, சில்லுக்கு மேலுள்ள வளைவு, கூரையின் தண்ணீர் வடியும் விளிம்பு எல்லாம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கெபினுக்குள் றபர் விரிப்பைக் கட்டாயம் தூக்குங்கள். பொடியில் கறள் இருந்தால் அது விலை பேசுகிற விஷயம், வண்டியை விட்டுவிடுகிற விஷயம் இல்லை.

ஃபோர் வீல் வேலை செய்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. முன்சில்லுக்குப் பின்னால் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக ஒரு இரும்பு உருண்டை தெரியும், ஸ்டியரிங் திருப்பும்போது சில்லு அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. அதைத் துணியால் துடையுங்கள். கிறீசும் ஒயிலும் கலந்து கூழாக வடிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, இரண்டு பக்கமும் பிரித்துத்தான் செய்யவேண்டும். பிறகு முன்சில்லுகளின் நடுவிலுள்ள ஹப்பைத் திருப்பிப் பூட்டி, மணலுக்குள் விட்டு ஓட்டிப்பாருங்கள், நிலாவெளிப் பக்கம் மணலுக்கா பஞ்சம். தார் வீதியில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பாதீர்கள். முன்சில்லையும் பின்சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற டிஃபரென்ஷல் இந்த வண்டிக்கு நடுவில் கிடையாது, நாலு சில்லும் ஒன்றோடொன்று இழுபட்டு, சக்தியைப் பிரிக்கிற கியர்ப் பெட்டியை உடைக்கும்.

உங்கள் நெல் மூட்டை விஷயம். இந்த வகை வண்டிகளை 'ஒரு தொன்' என்றுதான் பேச்சில் சொல்வார்கள், ஆனால் டபுள் கெப்பில் பின்சீட்டும் இரண்டு கதவும் ஏறும் ஆட்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள், பின்பெட்டியும் குட்டை. வயலுக்குத்தான் முக்கியமாக என்றால் சிங்கிள் கெப்பைத் தேடுங்கள். ஸ்பிரிங் பட்டைகளையும் எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா, கறள் நிறம் ஒன்றா? இடையில் செருகின பட்டை இருந்தால் அது மணலோ சீமெந்தோ ஏற்றின வண்டி.

கேள்வி: அண்ணை, மூதூரில் 2.4 சிங்கிள் கெப் ஒன்று பார்த்தேன். காலையில் வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஹீட்டர் பிளக் மாற்றினால் சரி என்கிறார்கள். 2.4 நல்லதா 2.8 நல்லதா? நிசான், மிட்சுபிஷி பக்கம் போகலாமா?
– கடை வைத்திருப்பவர், மூதூர்

பதில்: குளிர்ந்த என்ஜினில் டீசல் பற்ற உதவுகிற ஹீட்டர் பிளக்காக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெள்ளைப் புகையை மணந்து பாருங்கள். பச்சை டீசல் மணத்தோடு கண் எரிந்தால் எரியாத டீசல், அதாவது ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், இல்லையென்றால் கம்பிரஷன் குறைவு. கண் எரியாமல் ஆவி மாதிரி, கொஞ்சம் இனிப்பு மணத்தோடு வந்தால் தண்ணீர் எரிகிறது. அந்த இரண்டாவதுதான் 2.4இல் நான் பயப்படுவது.

ஹைலக்ஸில் இங்கே அதிகம் ஓடுகிறவை மூன்று என்ஜின்: 2 எல், அது 2,446 சிசி, நீங்கள் கேட்ட 2.4; 3 எல், 2,779 சிசி, அதுதான் 2.8; பிறகு வந்த 5 எல், 2,986 சிசி. மூன்றும் ஒரே குடும்பம், சாதாரணமாக டர்போ இல்லை, மெதுவாக இழுக்கும், நெடுநாள் இழுக்கும். 2 எல் மட்டும் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் சிலிண்டருக்கு மேலே மூடியிருக்கிற ஹெட் வெடிக்கும் என்று பெயர் எடுத்தது, வால்வுகளுக்கு இடையில் மயிரிழை வெடிப்பு வரும், வெளியில் ஒன்றும் தெரியாது. பார்க்கிற வழி இது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது (சொல்லிவைக்காமல் காலையில் போங்கள், போனதும் பொனட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறார்கள்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, தண்ணீரைப் பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ போய்விட்டது. எடுத்த உடனே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம். சூடான பிறகு மட்டும் மூடியில் கை வைக்கவேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் சவர். அதையே வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். உள்ளே கறளும் சுண்ணாம்பும் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும், வெளியே கடற்காற்றில் செதில்கள் விரலால் தொட்டாலே உதிரும். தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர்த் தண்ணீர் கறள் நிறத்தில் இருந்தால், அந்த என்ஜின் ஒருநாளாவது சூடேறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசுங்கள். நகரத்துக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது, கந்தளாய் வீதியில் பாரத்தோடு அரை மணித்தியாலம் ஓட்டி, திரும்பி வந்து சூடு காட்டுகிற ஊசி எங்கே நிற்கிறதென்று பாருங்கள்.

அப்புறம் ஒயில் ஊற்றுகிற மூடி. என்ஜின் ஓடும்போது கழற்றி, அதே ஓட்டையின் மேல் தலைகீழாக வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் அதுவும் ஒயில்தான். மிதிக்கும்போது மட்டும் கொஞ்சம் கறுப்பு வருவது இந்த வயதில் மன்னிக்கலாம், ஆனால் வருடாவருடம் புகைப் பரிசோதனையில் பாஸ் பண்ணினால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும், ஆகவே கடைசியாக எடுத்த பரிசோதனை றிப்போட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'என்ஜின் செய்தது' என்றால் பில் எங்கே? போர் வெட்டினார்களா, ரிங் மட்டும் மாற்றினார்களா, ஹெட்டைச் சோதித்தார்களா? பதிலே இல்லையென்றால் என்ஜினைக் கழுவிப் பெயின்ட் அடித்ததையும் சிலர் 'செய்தது' என்றுதான் சொல்வார்கள்.

டைமிங் பெல்ட்டை மறக்கவேண்டாம். இந்த எல் என்ஜின்கள் எல்லாமே பெல்ட்டில் ஓடுபவை, 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு விளக்கும் இருக்கிறது. திறப்பைத் திருப்பும்போது மற்ற விளக்குகளோடு அதுவும் எரிகிறதா பாருங்கள், பல்பைக் கழற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. எப்போது மாற்றியது என்று அத்தாட்சி இல்லையென்றால் வாங்கின உடனே முதல் வேலை அதுதான். ஓடும்போது அறுந்தால் வால்வு போய்ப் பிஸ்டனில் அடிக்கும்.

நிசான் என்றால் டி21 வடிவத்தில் டீடி27 என்ஜினோடு வந்ததைப் பாருங்கள். 2,663 சிசி, டைமிங் கியரால் ஓடுகிறது, அறுவதற்குப் பெல்ட்டே கிடையாது, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். என்ஜினில் அதை ஹைலக்ஸுக்கு மேலேயே வைப்பேன். ஆனால் அந்த நிசானின் செசி ஹைலக்ஸைவிடச் சீக்கிரம் கறள் பிடிக்கும், கடலோரத்து வண்டியென்றால் சுத்தியலை இரண்டு மடங்கு தட்டுங்கள். மிட்சுபிஷி எல்200இல் 4டி56, 2,477 சிசி. ஓட்டச் சுகமான வண்டி. அதில் பெல்ட் இரண்டு, பெரியது ஒன்று, பலன்ஸ் சாஃப்டுக்குச் சின்னது ஒன்று. சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் இரண்டும் போகும், ஆகவே மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றினார்களா என்று கேளுங்கள்.

2.4ஆ 2.8ஆ என்றால், கடைச் சாமானுக்கு இரண்டும் போதும். ஒரே விலையென்றால் 2.8.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பார்த்த வண்டி அடியும் நல்லது, என்ஜினும் நல்லது, விலையும் சந்தையைவிடக் குறைவு. ஆனால் புத்தகம் வேறு யாரோ ஒருவர் பெயரில். விற்பவர் ஓபன் பேப்பர் தருகிறார், கை பல மாறியிருக்கிறது. ஊரில் எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்?
– வியாபாரி, கிண்ணியா

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். விலை ஏன் குறைவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், உண்மை. கையெழுத்து வைத்த வெறும் படிவமும் அடையாள அட்டைப் பிரதியும் ஒரு கவருக்குள் போட்டு, கைக்குக் கை வண்டி போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கில் உரிமையாளர் இன்னும் அந்த முதலாவது மனிதர்தான். அவர் வெளிநாடு போயிருக்கலாம், மௌத்தாகியிருக்கலாம். மௌத்தாகியிருந்தால் அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை, வாரிசுகள் எல்லாரையும் தேடிப் பிடிக்கவேண்டும். இல்லையென்றால் வண்டியில் அவர் பெயர் இருப்பதால் ஏதாவது விபத்து வழக்கு அவர் வீட்டுக்குப் போய், அவர் கோபத்தில் பொலிசுக்குப் போகலாம். பெயர் மாற்றத்துக்கு வாங்குகிறவர் கொடுக்கவேண்டியது எம்.ரி.ஏ. 6, விற்கிற பதிவு உரிமையாளர் கொடுக்கவேண்டியது எம்.ரி.ஏ. 8, 14 நாளுக்குள். இரண்டாவதை அவர் செய்துவிட்டால் அவர் தலை தப்பும், வாங்கின நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே பதிவு உரிமையாளரை நேரில் பார்க்காமல் முழுக்காசையும் கொடுக்கவேண்டாம். இடையில் எத்தனை கை இருந்தாலும் எனக்கு அக்கறையில்லை, புத்தகத்தில் பெயர் இருக்கிறவர் வந்து கையெழுத்து வைக்கட்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அதை நீக்கிய கடிதம் வேண்டும், 'கட்டி முடித்தாச்சு' என்ற வாய்ப்பேச்சுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.

பிறகு இலக்கங்கள். செசி இலக்கம் வலது முன்சில்லுக்கு மேலே, செசிக் கம்பியின் வெளிப்பக்கத்தில் குத்தியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சம் பிடித்து, எழுத்து எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கவேண்டும். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெல்டிங்கோ புதுப் பெயின்டோ இருந்தால் விலை இலவசமென்றாலும் வேண்டாம். கறள் தின்று வாசிக்க முடியாமல் போயிருந்தாலும் பெயர் மாற்றப் போகிற இடத்தில் நீங்கள்தான் விளக்கம் சொல்லவேண்டும். என்ஜின் இலக்கமும் அப்படித்தான்: ரீகண்டிஷன் என்ஜின் போட்ட கெப் ஏராளம், அதில் தப்பில்லை, ஆனால் மாற்றியதைத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் ஏற்றியிருக்கவேண்டும். நிறத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளை என்று புத்தகம் சொல்லி வாசலில் நீலம் நின்றால் அதையும் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மீற்றரில் 98,000 கிலோமீற்றர்தான் காட்டுகிறது. 1995 வண்டி. நம்பலாமா?
– பெயர் வேண்டாம், சீனக்குடா

பதில்: முப்பது வருடத்தில் 98,000 என்றால் மாதத்துக்கு 270 வரும். இங்கேயிருந்து கொழும்புக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 260. மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போன வண்டி திரும்பி வரக்கூட அந்த மீற்றரில் இடமில்லை. பிறேக் மிதியின் றபரைப் பாருங்கள், ஸ்டியரிங் வழுவழுவென்று மினுங்குகிறதா பாருங்கள், சாரதி சீட்டின் கதவுப் பக்க விளிம்பு அமிழ்ந்திருக்கிறதா பாருங்கள். மீற்றரைப் பார்க்கவேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் ஆசிரியை. இவருக்குப் பழைய டபுள் கெப்பில் ஆசை. வீட்டுப் பாவனைக்கு, பிள்ளைகள் இரண்டு பேரைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக. வாங்கலாமா?
– உப்புவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஆசை அவருக்கு, இடுப்பு வலி உங்களுக்கு. பாரமில்லாமல் ஓடும்போது பின் ஸ்பிரிங் கல்லு மாதிரி, ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சீட்டில் இருக்கிறவர்கள் துள்ளுவார்கள், அந்தச் சீட்டின் முதுகும் செங்குத்து. அந்தக் காலத்து வண்டியில் எயார் பேக் எதிர்பார்க்கவேண்டாம், பின்னுக்கு சீட் பெல்ட்டும் பலதில் இல்லை. மாரியில் நனைந்த தாரில் வெறும் கெப்பில் பிறேக்கைச் சட்டென்று மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பின் அக்சிலில் பாரத்துக்கு ஏற்றபடி பிறேக்கைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வும் அதன் தண்டும் இருக்கிறது, எங்கள் உப்புக்காற்றில் அது முதலில் இறுகும், இறுகினதும் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேரே பூட்டிவிடுவார்கள்.

கேட்கமாட்டேன் என்று அவர் நின்றால் பின்சீட்டுக்குப் பெல்ட் போட்டு, அந்த வால்வைச் சரிபண்ணி, டயரின் திகதியைப் பார்த்து எடுங்கள். டயர்ப் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பட்டன் நிறைய இருக்கிறதே என்று பத்து வருடப் பழைய டயரில் பிள்ளைகளை ஏற்றவேண்டாம். அதே காசுக்கு ஒரு நல்ல பழைய கார் கிடைக்கும் என்பதையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: இதை ஓட்ட என்னிடம் இருக்கிற லைட் வெயிட் லைசன்ஸ் போதுமா?
– சாம்பல்தீவு

பதில்: புத்தகத்தில் இரட்டைப் பாவனை வாகனம் என்று பதிந்திருந்தால் 'பி' வகுப்புப் போதும், மொத்த நிறை 3,500 கிலோவுக்குள், சாரதியோடு 9 சீட்டுக்கு மேல் போகாமல். சில சிங்கிள் கெப் லொறி என்று பதிந்திருக்கும். அதற்கு வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் என்ற அலைச்சல் தனி. வாங்க முதல் அந்த ஒரு வரியை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில் நின்ற ஹைலக்ஸ் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். ஆற்று வெள்ளம்தானே, கழுவினால் சரிதானே?
– ஈச்சிலம்பற்று

பதில்: ஆற்று வெள்ளம் என்பது உண்மையில் ஒரு ஆறுதல். கடல்தண்ணீரில் நின்றதென்றால் பேச்சே இல்லை, 2004 சுனாமியில் நனைந்து பிறகு கழுவி விற்ற வாகனங்களின் கதை உங்கள் பக்கத்தில் பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

ஆற்று வெள்ளத்தில் இரண்டு கேள்வி. தண்ணீர் எதுவரை நின்றது, நின்ற பிறகு யாராவது ஸ்டார்ட் பண்ணினார்களா. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது திறப்பைத் திருப்பினால் கனெக்டிங் ரொட் வளையும், அன்றைக்கு ஓடிவிட்டுப் பிறகொருநாள் புளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அவர்கள் கழுவ மறக்கிற இடம் அதுதான், சேற்றுக் கோடு அங்கே அப்படியே நிற்கும். முன் விளக்குகளின் பின்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே வயர் பொருத்துகள், இதெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்க்கவேண்டும். முன், பின் டிஃபரென்ஷல் நட்டைக் கழற்றி ஒயிலைப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான டிஃபரென்ஷல் பெட்டி தண்ணீருக்குள் இறங்கிக் குளிரும்போது மூச்சுக்குழாயால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கியர் பொக்சும் சில்லு பெயாரிங்கும் அப்படியே.

இந்த வயது வண்டியில் ஒரு நல்லது, கம்பியூட்டர் கிடையாது, டீசல் பம்ப் முழுக்க இரும்பு வேலை. சில்லு மட்டத்துக்கு மட்டும் நின்றிருந்து, எல்லா ஒயிலும் பெயாரிங் கிறீசும் மாற்றியிருந்தால் பாதி விலைக்கு எடுக்கலாம். சீட்டுக்கு மேலே நின்றதென்றால் அந்தப் பாதி விலையும் கூடத்தான்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனால் முடியாதா?
– உவர்மலை

பதில்: முடியும், கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டுகிற மெக்கானிக்காக இல்லாமல், தரகரிடம் பங்கு வாங்காதவராக இருக்கட்டும். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் நீங்களே கொடுங்கள், அப்போதுதான் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வரும். பள்ளமோ தூக்கியோ உள்ள கராஜில் வண்டியை ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம் கியரில் போட்டு, ஹேண்ட் பிறேக்கை இழுத்து, கிளச்சை விடுங்கள், என்ஜின் உடனே நிற்கவேண்டும், நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளச் தட்டு வழுக்குகிறது. இறக்கத்தில் காலை எடுக்கும்போது கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்றும் பாருங்கள்.

தூரத்து வண்டியென்றால் போக முதல் மூன்று படம் வட்சப்பில் கேளுங்கள்: புத்தகம், செசி இலக்கம், பின் அக்சிலுக்கு மேலே செசி வளையுமிடம். முன்பக்கத்தை மட்டும் சூரிய வெளிச்சத்தில் அழகாகப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறவரிடம் போகவேண்டாம், அந்தப் பயணத்து டீசலாவது மிச்சம்.